விலைக்கு விற்கும் பாடத்துக்கு வேலி எங்கே?

கடைக்குப் பூட்டுப் போடாத வியாபாரி கிடையாது. திருகோணமலை பிரதான வீதியில் கடைகள் சாத்திய பிறகு நடந்து பார்த்தால் இரும்புக் கதவுகளும் அவற்றில் தொங்கும் பூட்டுகளும்தான் கண்ணில் படும். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சுங்கக் களஞ்சியத்திலிருந்து ஒரு பெட்டி வெளியே வருவதற்குக் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். சரக்கு என்றால் காவல் வேண்டும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் கடந்த சில ஆண்டுகளாக நம்மவர்கள் விற்கத் தொடங்கியிருக்கும் ஒரு சரக்கு மட்டும் கதவும் பூட்டும் இல்லாமல் திறந்து கிடக்கிறது. அந்தச் சரக்கு, இணையம் வழியாகக் கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் பாடம்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஸூம் என்ற சொல் நமது வீடுகளுக்குள் நுழைந்தது. டியூஷன் வகுப்பு கைத்தொலைபேசிக்கு இடம் மாறியது. 2022இல் எரிபொருள் வரிசையும் மணிக்கணக்கான மின்வெட்டும் வந்தபோது, நேரடி வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பதிவு செய்த வீடியோதான் கைகொடுத்தது. ஒரு முறை பதிவு செய்து வைத்த பாடத்தைத் திரும்பத் திரும்ப விற்கலாம் என்பது பலருக்கும் புரிந்த காலம் அது.

இன்று உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் மட்டுமல்ல. தையல், கேக் ஐசிங், கணக்குப் பதிவு, பேச்சு ஆங்கிலம், பேச்சுச் சிங்களம், படகு எஞ்சின் திருத்தம் என ஏதாவது ஒரு கைத்தொழிலை ஒழுங்காகத் தெரிந்த எவரும் இந்தச் சந்தைக்கு வரலாம். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து கற்பிப்பவரிடம் புத்தளத்திலும் காத்தான்குடியிலும் கட்டாரிலும் இருப்பவர் படிக்கலாம். கடை முற்பணம் இல்லை, லொறிக் கூலி இல்லை, பழுதாகிக் கழிவு போவதும் இல்லை. வியாபாரக் கண்ணால் பார்த்தால் நல்ல சரக்குத்தான். காவல் மட்டும்தான் குறை.

எங்கே ஒழுகுகிறது?

இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். படிக்க விரும்புபவர் வங்கியில் பணம் போடுகிறார். வைப்புச் சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆசிரியர் அவரை ஒரு குழுவில் சேர்க்கிறார். அந்தக் குழுவுக்குப் பாட வீடியோவின் இணைப்பும் டியூட்டின் பிரதியும் வருகின்றன. வீடியோ யூடியூபில் பட்டியலிடாத முறையில் இருக்கும், அல்லது கூகுள் டிரைவில் இருக்கும்.

பட்டியலிடாத யூடியூப் வீடியோ என்றால் அது தேடலில் அகப்படாது, அவ்வளவுதான். இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்கலாம். கூகுள் டிரைவிலும் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்து விட்டால் அதே கதைதான். குழுவில் இருக்கும் எண்பது பேரில் ஒருவர் தன் மச்சானுக்கு அனுப்பினால் போதும். மச்சான் தன் நண்பர்களுக்கு அனுப்புவார். ஒரு வாரத்தில் அது டெலிகிராமில் ஒரு சனலாகிவிடும். அங்கிருந்து கொமினிகேஷன் கடையில் பென் டிரைவுக்கு ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்குக் கட்டணம் 3,000 ரூபா. முதல் பிரிவில் 80 பேர் சேர்ந்தால் 240,000 ரூபா. பாடம் வெளியே கசிந்த பிறகு இரண்டாவது பிரிவுக்கு 30 பேர்தான் வருகிறார்கள் என்றால் 90,000 ரூபா. மூன்றாவது பிரிவுக்கு ஆள் இல்லை. கெமராவுக்கும் மைக்குக்கும் கடன் வாங்கிப் போட்ட முதல் என்ன ஆகும்? இங்கே திருடப்பட்டது வெறும் வீடியோ என்று நினைப்பது தவறு. அந்த மனிதர் அடுத்த பாடத்தைத் தயாரிக்கும் மனமும் அதோடு போய்விடுகிறது.

நமது சமூகத்துக்கு இதில் இரட்டை நட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்தத் தொழிலையும் கற்பிக்கும் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. சிங்களத்திலும் வாங்குவோர் தொகை பெரிது என்பதால் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தமிழில், அதுவும் நமது நாட்டுச் சட்டத்தையும் வழக்கத்தையும் தெரிந்து தொழில் கற்பிப்போர் மிகக் குறைவு. அந்தச் சிலரும் கைவிட்டால் நமது பிள்ளைக்குப் படிக்கப் பாடமே இருக்காது.

நீதிமன்றம் போன ஓர் ஆசிரியை

இது நமக்கு மட்டும் வந்த வருத்தமல்ல. இந்தியாவில் அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நீத்து சிங் என்ற ஆசிரியை இருக்கிறார். டில்லியில் கே.டி. கெம்பஸ் என்ற நிறுவனத்தை நடத்துபவர். அவருடைய புத்தகங்களும் வீடியோ விரிவுரைகளும் டெலிகிராம் சனல்களில் அனுமதியின்றி உலாவின. 2020இல் அவர் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அந்தச் சனல்களை நீக்கச் சொன்னது. நீக்கப்பட்டன. ஆனால் ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைத்தது.

நடத்துவோர் யார் என்று தெரியாமல் யார் மீது நட்டஈடு கேட்பது? அவர்களின் விபரத்தைத் தரும்படி டெலிகிராமிடம் கேட்டபோது, தமது தரவுகள் சிங்கப்பூரில் இருக்கின்றன, அந்நாட்டுச் சட்டப்படி வெளியிட முடியாது என்று அந்நிறுவனம் வாதிட்டது. 2022 ஆகஸ்ட் 30ஆம் திகதி நீதியரசர் பிரதிபா எம். சிங் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். சனல்களை நடத்துவோரின் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், இணைய முகவரி ஆகியவற்றை முத்திரையிட்ட உறையில் தரும்படி கட்டளையிட்டார். பின்னர் டெலிகிராம் அவற்றைக் கையளித்தது.

பாடம் தயாரிப்போருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் வியாபாரிகள் இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வழக்குப் போட்டு இந்தக் கட்டளை வருவதற்கே இரண்டு வருடங்கள் சென்றன. அதற்குள் எத்தனை பரீட்சைகள் நடந்து முடிந்திருக்கும்! டில்லியில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் தாங்கக்கூடிய வழக்குச் செலவை நமது ஊரில் தையல் கற்பிக்கும் ஒரு சகோதரி தாங்குவாரா?

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்துக்கு மட்டுமன்றி விரிவுரைக்கும் பாதுகாப்புத் தருகிறது. இந்த உரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஆக்கம் உருவான உடனேயே உரிமையும் உருவாகிவிடுகிறது. வேண்டுமென்றே மீறுபவருக்குத் தண்டப்பணமும் சிறையும் விதிக்க இடமுண்டு. ஆனால் சட்டம் என்பது களவு போன பிறகு ஏறும் படி. களவு போகாமல் பார்ப்பதற்கு வேலிதான் வேண்டும்.

அங்கத்துவ இணையத்தளம்

அந்த வேலிக்கு அங்கத்துவ இணையத்தளம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு கடையில் இருக்கும் மூன்று விடயங்களே இதிலும் உண்டு. வாசல், காசுப் பெட்டி, பேரேடு.

வாசல் என்பது உள்நுழையும் பக்கம். பணம் செலுத்தியவர் தன் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வருகிறார். மற்றவர்களுக்குப் பாடத்தின் தலைப்பும் ஒரு மாதிரிப் பாடமும் மட்டும் தெரியும். காசுப் பெட்டி என்பது பணம் செலுத்தும் வழி. அட்டை மூலம் வாங்க பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவைகள் இருக்கின்றன, லங்கா கியூ.ஆர். உண்டு, வங்கிக்கு வங்கி உடனடியாக மாற்றவும் வசதி உண்டு. வைப்புச் சீட்டின் படத்தை மட்டும் நம்பி உள்ளே விட வேண்டாம். படத்தைத் திருத்துவது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

மூன்றாவதான பேரேடுதான் முக்கியம். யார் எந்தப் பாடத்தை வாங்கினார், எப்போது வாங்கினார், அவருடைய காலம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் தானாகப் பதிவாகிறது. வட்ஸ்அப் குழுவில் பணம் முடிந்தவரைத் தேடி நீக்குவதற்கே ஒரு பிள்ளையை வேலைக்கு வைக்க வேண்டும். இங்கே தவணை முடிந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

இதை அமைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டீச்சபிள், திங்கிஃபிக் போன்ற வெளிநாட்டுச் சேவைகளில் வாடகைக்கு இடம் எடுப்பது. எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் மாத வாடகை டொலரில். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. வருமானம் ரூபாவிலும் வாடகை டொலரிலும் இருந்தால் ஓர் இரவில் இலாபம் கரைந்துவிடும்.

மற்றது, சொந்த இடத்தில் கட்டுவது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் இலவசம். அதோடு மெம்பர்பிரஸ் போன்ற ஓர் அங்கத்துவ இணைப்பைச் சேர்க்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு. வகுப்பு, வினாத்தாள், புள்ளி எல்லாம் வேண்டுமானால் மூடில் இருக்கிறது. 2002இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த இந்த இலவச மென்பொருளை நமது பல்கலைக்கழகங்களும் பாவிக்கின்றன. கணினி படித்த பிள்ளைகள் நமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஒரு தடவை கூலி கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். எல்.கே. என்று முடியும் முகவரியும், தமிழிலேயே ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியும் இங்கேயே பதிவு செய்ய முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முகவரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், செய்து தந்த பிள்ளையின் பெயரில் அல்ல. கடை உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் கடை வாங்குவோமா?

எத்தனை பூட்டு?

இணையத்தளம் கட்டியவுடன் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதன் உள்ளே பழைய யூடியூப் வீடியோவையே ஒட்டி வைக்கிறார்கள். முன்கதவில் பூட்டு, பின்கதவு திறப்பு. வீடியோவை வைக்கும் இடமும் பூட்டுள்ளதாக இருக்க வேண்டும். விமியோ போன்ற சேவைகளின் கட்டணத் திட்டங்களில், உங்கள் இணையத்தளத்துக்குள் மட்டுமே வீடியோ ஓடும்படி கட்டுப்படுத்தலாம். இணைப்பை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஓடாது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் காலாவதியாகும் இணைப்புகளைத் தரும் சேவைகளும் இருக்கின்றன.

அடுத்தது, ஒரே கணக்கை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பது. ஒருவர் பணம் கட்டிப் பத்துப் பேர் கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் நம்மிடையே அதிகம். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் என்று வரம்பு வைத்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் கைத்தொலைபேசி ஒன்று, வீட்டுக் கணினி ஒன்று என இரண்டையாவது பதிவு செய்ய இடம் கொடுங்கள். நேர்மையான வாடிக்கையாளரைக் கஷ்டப்படுத்தும் பூட்டு நல்ல பூட்டல்ல.

மூன்றாவது, எல்லாப் பாடத்தையும் முதல் நாளே திறந்து விடாமல் வாரத்துக்கு ஒன்றாகத் திறப்பது. ஒரே நாளில் முழுவதையும் அள்ளிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு இதனால் வழி அடைபடும். படிப்பவருக்கும் இது நல்லது.

நான்காவது, வீடியோவின் மீது வாங்கியவரின் அடையாளம் மங்கலாக நகர்ந்துகொண்டிருக்கச் செய்வது. வெளியே கசிந்தால் யாரிடமிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். டியூட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இவ்வாறே அச்சிடலாம். இதில் ஒரு எச்சரிக்கை. பலர் வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போடுகிறார்கள். பெண் பிள்ளை ஒருவரின் இலக்கம் வீடியோவோடு சேர்ந்து ஊரெல்லாம் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அங்கத்துவ இலக்கம் ஒன்றைப் போட்டால் போதும். அது யாருடையது என்பது உங்கள் பேரேட்டில் இருக்கும். வாடிக்கையாளரின் சொந்த விபரங்களைக் காப்பதற்கு 2022இல் நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அமானத்.

இவற்றுக்கு மேலே, திரையைப் பதிவு செய்ய முனைந்தால் பல கருவிகளில் படம் கறுப்பாகிவிடும் குறியீட்டு முறையும் இருக்கிறது. கூகுளின் வைட்வைன் அத்தகையது. பெரிய படக் கம்பனிகள் பாவிப்பது. செலவு கூட.

இத்தனையும் செய்தாலும், ஒருவர் ஒரு தொலைபேசியில் பாடத்தை ஓடவிட்டு மற்றத் தொலைபேசியால் படம் பிடித்தால் தடுக்க வழியில்லை. இதை மறைத்து, நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். ஐம்பதாயிரம் ரூபா சரக்குக்கு ஐந்து இலட்சம் ரூபா பூட்டு வாங்குவது வியாபாரமல்ல. பூட்டின் வேலை, போகிற போக்கில் கை வைப்பவரைத் தடுப்பதும், நேர்மையானவரை நேர்மையாகவே இருக்க விடுவதும்தான். அதற்கு முதல் மூன்று பூட்டுகளே போதும். பாடத்தின் வருமானம் கூடும்போது மற்றவற்றைச் சேர்க்கலாம்.

பிரதி எடுக்க முடியாதது

வீடியோவைப் பிரதி எடுக்கலாம். ஆசிரியரைப் பிரதி எடுக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் தங்கள் இலாபத்தை இதில்தான் வைத்திருக்கிறார்கள். மாணவி தைத்த சட்டையின் படத்தைப் பார்த்து, கைக்குழி எங்கே பிழைத்தது என்று சொல்வது, வாரம் ஒரு முறை நேரில் கேள்விக்குப் பதில் சொல்வது, ஒப்படையைத் திருத்துவது, கடைசியில் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவது. இவை களவு வீடியோவோடு போகா. அங்கத்தவருக்கு மட்டும் கிடைப்பவை. திருட்டுப் பிரதி வைத்திருப்பவரே ஒரு நாள் வந்து பணம் கட்டிச் சேரும்படி செய்வது இந்தப் பகுதிதான்.

விலையும் ஒரு வேலி. கட்டணத்தை ஒரேயடியாகக் கேட்காமல் மாதத் தவணையாக வைத்தால் பணம் கட்டுவது இலகுவாகும். வாங்குவது கஷ்டமாகவும் திருடுவது இலகுவாகவும் இருக்கும் சந்தையில் எந்தப் பூட்டும் நிலைக்காது.

பெண்கள் மாத்திரம் படிக்கும் வகுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தபடி தையலும் சமையலும் அழகுக்கலையும் கற்பிக்கும் சகோதரிகள் இன்று பலர். கணவனை இழந்தவர்களும் இதில் இருக்கிறார்கள். பெண்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர்கள் பேசுகிறார்கள், கைவேலையைக் காட்டுகிறார்கள். அந்தப் பதிவு வெளியே போனால் நட்டம் ரூபாவில் முடிவதில்லை, மானத்தோடு சம்பந்தப்பட்டது. ஆகவே அத்தகைய வகுப்புகளில் முகத்தைப் பதிவு செய்யாமல் கையையும் துணியையும் மட்டும் காட்டுவது, குரல் கலந்த கேள்வி நேரத்தைப் பதிவு செய்யாமல் விடுவது, சேர்பவரைத் தொலைபேசியில் பேசி உறுதி செய்வது ஆகிய மூன்றும் கட்டாயம். இதற்கான செலவைக் குடும்பத்து ஆண்கள் வீண் செலவென்று பார்க்கக் கூடாது.

இல்மை விற்பதா?

இங்கே ஒரு கேள்வி எழும். பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறார்கள், கடை வாசலிலும் கேட்கிறார்கள். “கல்வி அல்லாஹ் தந்தது. அதைப் பூட்டி வைக்கலாமா? பத்துப் பேருக்குப் பிரயோசனப்படட்டும் என்று அனுப்புவது நன்மைதானே?”

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தொழுகை, நோன்பு, ஹலால் ஹராம் என ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமையான அறிவைப் பணமில்லை என்பதற்காக ஒருவருக்கு மறுப்பதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் நாம் பேசுவது ஒருவர் உழைத்து, முதல் போட்டு, நேரம் செலவழித்துத் தயாரித்த தொழிற் பாடத்தைப் பற்றி. கற்பிப்பதற்குக் கூலி பெறுவது ஆகும் என்பது நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. நோயாளிக்கு ஓதிப் பார்த்த ஸஹாபாக்கள் அதற்கு ஈடாக ஆடுகளைப் பெற்றதும், நபி (ஸல்) அவர்கள் அதை அங்கீகரித்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி.

எழுதியவரின் உரிமை பற்றியும் உலமாக்கள் பேசாமல் விடவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியின் ஐந்தாவது அமர்வு, வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை இன்று பொருளாதாரப் பெறுமதி உள்ளவை, ஷரீஅத்தினால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் ஆகாது என்று தீர்மானித்தது. அது 43ஆம் இலக்கத் தீர்மானம். இணைய வகுப்பு என்ற ஒன்று நமது ஊருக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டது. அடுத்தவன் கடைச் சரக்கை எடுத்து ஸதகா கொடுப்பவனுக்கு நன்மை உண்டா என்று கேட்டால் நாம் எல்லோரும் இல்லை என்றே சொல்வோம். அடுத்தவர் பாடத்தை அனுப்பும்போதும் அதே பதில்தான்.

இலவசக் கல்வி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. பங்களாதேசத்துப் பூர்வீகமுள்ள சல்மான் கான் என்பவர் அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய கான் அகடமி உலகெங்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் தருகிறது. அது எப்படி நடக்கிறது? நன்கொடையாளர்கள் பணம் கொடுக்கிறார்கள். யாரோ ஒருவர் செலவைத் தாங்கினால்தான் பாடம் இலவசமாகும். கற்பிப்பவரிடமிருந்து அதைப் பறிப்பது இலவசக் கல்வி ஆகாது.

விற்பவருக்கும் கடமை உண்டு

வாங்குபவருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நிறுத்த முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றிப் பேசும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். பாடத்தில் எத்தனை வீடியோ, எவ்வளவு காலம் பார்க்கலாம், எத்தனை கருவியில் பார்க்கலாம், எந்த நிலையில் பணம் திருப்பித் தரப்படும், கசியவிட்டால் அங்கத்துவம் என்ன ஆகும் என்பதைச் சேருமுன்பே தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். நிபந்தனை தெரியாமல் வாங்குவது பிறகு சண்டையில் முடியும்.

“வாழ்நாள் அங்கத்துவம்” என்று விளம்பரம் செய்பவர்களும் யோசிக்க வேண்டும். யாருடைய வாழ்நாள்? இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் 2022இல் 2,200 கோடி டொலர் மதிப்பிடப்பட்டது. 2024 ஜூலையில் அதன் மீது வங்குரோத்து நடவடிக்கை தொடங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படி ஆனதென்றால், ஒரு அறையில் ஒரு கெமராவோடு இருக்கும் நாம் வாழ்நாளுக்கு வாக்குக் கொடுப்பது எந்தத் துணிவில்? ஒரு வருடம் என்று சொல்லுங்கள். சொன்ன வருடத்தை ஒழுங்காகக் கொடுங்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால் மீதிக் காலத்துக்குரிய பணம் அங்கத்தவருடைய ஹக்.

நமது வியாபாரிகள் இதில் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்கள், கட்டண வகுப்பின் வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றித் தரும்படியோ டியூட்டைப் பிரதி எடுத்துத் தரும்படியோ யாராவது வந்தால் மறுக்க வேண்டும். அதில் கிடைக்கும் நூறு இருநூறு ரூபாவில் பரக்கத் இருக்காது.

இரண்டாவது, கற்பிப்பவர்கள் பத்து இடத்தில் ஓர் இடத்தையாவது வசதியற்றவருக்கு ஒதுக்க வேண்டும். அங்கத்துவத் தளத்தில் இது மிக இலகு. இலவச அனுமதி ஒன்றை ஆக்கிக் கொடுத்தால் போதும். யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்பது வகுப்பில் எவருக்கும் தெரியாது. வறியவரின் மானமும் காக்கப்படும்.

மூன்றாவது, கை நிறைந்த முதலாளிமார் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும் வாங்கிக் கொடுப்பது போல, ஒரு நல்ல தொழிற் பாடத்தில் பத்து இடத்தை வாங்கிக் கொடுக்கலாம். முன்னே சொன்ன கணக்குப்படி பத்து இடத்துக்கு 30,000 ரூபா. பத்துப் பிள்ளைகள் ஒரு தொழிலைக் கற்கிறார்கள், ஒரு ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தயாரிக்கிறார், களவுப் பிரதிக்குத் தேவையே இல்லாமல் போகிறது. கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகரம் என்று ஊருக்கு ஐந்து முதலாளிமார் முன்வந்தால் இது சின்ன விடயமாக இருக்காது.

கப்பல் வராத நாளிலும் இந்தத் துறைமுகத்தின் வாசலில் காவல் இருக்கிறது. அறிவை விற்கப் புறப்பட்டிருக்கும் நம்மவர்களும் முதலில் வாசலைக் கட்டட்டும், பேரேட்டைத் திறக்கட்டும், பிறகு சரக்கை இறக்கட்டும். வாங்குபவர்கள் அந்த வாசலால் மட்டும் நுழையட்டும்.

வல்ல அல்லாஹ் நமது தேட்டத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக.